நாய்க்குச் சட்டை தேவையா?

குளிரிலும் மழையிலும் நாய் என்ன பாடுபடுகிறது? எந்த நாய்க்குச் சட்டை வேண்டும்? எதற்கு வேண்டாம்?

மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். பழனி மலைப் பக்கத்தை ஆண்டவன்.

மலைச் சாரலிலே ஒரு மயில் நின்றது. "ஐயோ, இது குளிரில் நடுங்குகிறதே!" என்று பேகன் நினைத்தான். தன் போர்வையை எடுத்து அதன் மேல் போர்த்தினான்.

மயிலுக்குப் போர்வை தேவையா? தேவை இல்லைதான். அதற்கு இறகு இருக்கிறது. ஆனாலும், பேகனின் இரக்கத்தைத் தமிழ் நாடு இன்றும் மறக்கவில்லை.

இப்போது நாய்க்கும் போர்வை வந்துவிட்டது!

கம்பளிச் சட்டை, மழைக் கோட்டு, காலுக்கு உறை, தலைக்குக் குல்லாய். எல்லாம் கடையில் தொங்குகின்றன. ஆசையோடு வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

"ஆண்டவன் அதற்கு ரோமத்தைக் கொடுத்திருக்கிறான். அது போதாதா?" என்கிறது ஒரு கட்சி.

"வாயில்லாத ஜீவன். குளிருகிறது என்று அதனால் சொல்ல முடியுமா?" என்கிறது இன்னொரு கட்சி.

யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான்! எந்த நாயைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

உடம்புக்குள் ஓர் அடுப்பு

மனிதனின் உடல் சூடு பாரன்ஹீட் கணக்கில் 98.6 டிகிரி. நாயின் சூடு அதைவிட அதிகம். 101 முதல் 102½ டிகிரி வரை இருக்கும். மனிதனுக்கு அவ்வளவு சூடு வந்தால் காய்ச்சல் என்று படுத்து விடுவான். நாய்க்கு அதுதான் ஆரோக்கியம்.

இந்தச் சூட்டை நாய் எப்படிக் காப்பாற்றுகிறது?

தின்கிற சோறு உள்ளே எரிந்து சூடாகிறது. அந்தச் சூடு வெளியே போகாமல் ரோமம் தடுக்கிறது.

குளிர் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேலே இருப்பது நீளமான முரட்டு ரோமம். அடியில் இருப்பது பஞ்சு போன்ற ரோமம். மேல் ரோமம் மழைத் துளியை வழிந்து ஓட விடுகிறது. அடி ரோமம் காற்றைப் பிடித்து வைத்துக் கொள்கிறது.

காற்றையா? ஆம்! குளிரைத் தடுப்பதில் பெரும் பங்கு ரோமத்துக்குள் சிக்கி நிற்கிற காற்றுக்குத்தான்.

வீட்டில் இருக்கிற இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துப் பாருங்கள். புதிதாக அடைத்த மெத்தை எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது! நாளானால் பஞ்சு அமுங்கிப் போகிறது. கதகதப்பும் குறைகிறது. பஞ்சு அப்படியேதான் இருக்கிறது. அதற்குள் இருந்த காற்றுதான் போய்விட்டது.

குளிர் அடித்தால் நாயின் ரோமம் சிலிர்த்து நிற்கும். அமுங்கிய மெத்தையைத் தட்டி உப்ப வைப்பது போன்ற வேலை அது. இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே நிற்கும்.

பிறகு நாய் சுருண்டு படுத்துக் கொள்ளும். வயிறும் தொடை இடுக்கும் உள்ளே மறைந்து விடும். அங்கேதான் ரோமம் குறைவு. புசுபுசுவென்று வால் உள்ள நாயானால், அந்த வாலாலேயே மூக்கை மூடிக் கொள்ளும்.

இவ்வளவும் இருந்தால் சட்டை எதற்கு? எல்லா நாய்க்கும் இவ்வளவும் இல்லையே!

4 தபால் தலைகள்

2005ஆம் ஆண்டு ஜனவரி 9ந் தேதி இந்தியத் தபால் இலாகா 4 தபால் தலைகளை வெளியிட்டது. நாலிலும் நாயின் படம்! இமயமலை ஆட்டு நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் வேட்டை நாய், நம் ராஜபாளையம் நாய்.

நாலும் இந்திய நாய்கள்தான். ஆனால் உடையிலே எவ்வளவு வித்தியாசம்!

இமயமலை ஆட்டு நாய்க்கு உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம். வாலும் ரோமக் கற்றை. பனி மலையிலே ஆட்டு மந்தைக்குக் காவல் இருக்கிற நாய் அது. இரவு முழுவதும் வெளியே கிடக்கும். அதற்கு யாரும் சட்டை தைத்துப் போட வேண்டியதில்லை.

ராஜபாளையம் நாய் அப்படி இல்லை. உயரமான நாய். வெள்ளை நிறம். இளஞ்சிவப்பு மூக்கு. ரோமம் மெல்லியது; கட்டையானது; தோலோடு ஒட்டிக் கிடக்கும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் அப்படித்தான். வயிறு ஒட்டி, கால் நீண்டு, காற்றாய்ப் பறக்கிற நாய்கள். உடம்பிலே கொழுப்பு மிகக் குறைவு.

கரிசல் காட்டு வெயிலுக்கு இது நல்ல உடை. சூடு சீக்கிரம் வெளியே போக வேண்டும் அல்லவா? அந்த உடை மலைக் குளிருக்கு ஏற்றதல்ல.

உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவுக் குளிர் பூஜ்யம் டிகிரி செண்டிகிரேடை ஒட்டி வந்துவிடும். காலையில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று உறைபனி பூத்துக் கிடக்கும். அந்த இடத்திலே ராஜபாளையம் நாயை வாசலில் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? ராத்திரி முழுவதும் நடுங்கும். அதற்குச் சட்டை ஆடம்பரம் இல்லை, அவசியம்!

குதிரைக்குப் போர்வை, நாய்க்குப் பனிப் படுக்கை

இமயத்தைவிடக் கடுமையான குளிர் உள்ள இடம் தென்துருவம். 1911ஆம் ஆண்டு அங்கே முதலில் யார் போவது என்று இரண்டு கோஷ்டிகளுக்குப் போட்டி. ஒரு கோஷ்டிக்குத் தலைவர் நார்வே நாட்டு அமுண்ட்சென். இன்னொரு கோஷ்டிக்குத் தலைவர் இங்கிலாந்து நாட்டு ஸ்காட்.

அமுண்ட்சென் நாய்களை நம்பினார். ஸ்காட்டிடமும் நாய்கள் இருந்தன. ஆனால் அவர் மட்டக் குதிரைகளையும் பெரிதாக நம்பினார். 19 குதிரைகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு போனார்.

குதிரைக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். வண்டி இழுத்து வேர்த்த உடம்பிலே பனிக் காற்றுப் பட்டால், வேர்வை ஐஸ் கட்டியாக உறையும். ஆகையால் ஒவ்வோர் இடத்திலும் குதிரைக்குப் போர்வை போர்த்த வேண்டி இருந்தது. காற்றை மறைக்கப் பனிக் கட்டியால் சுவர் எழுப்ப வேண்டி இருந்தது. நாள் முழுவதும் நடந்து களைத்த மனிதர்கள் இந்த வேலையையும் செய்தார்கள். அப்படியும் குதிரைகள் தாங்கவில்லை.

நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பது இல்லை. பாதத்தின் அடியில்தான் வேர்க்கும். சூடு அதிகமானால் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும். ஆகவே ஓடிக் களைத்தாலும் ரோமம் காய்ந்தே இருக்கும். கிரீன்லாந்து நாய்கள் பனியிலேயே சுருண்டு படுத்துத் தூங்கின. போர்வையும் இல்லை, சுவரும் இல்லை.

1911 டிசம்பர் 14ந் தேதி அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தார். புறப்பட்டபோது இருந்தவை 52 நாய்கள். திரும்பி வந்தவை 11. மற்றவற்றில் பெரும்பாலானவை குளிரால் சாகவில்லை. மனிதருக்கும் மற்ற நாய்களுக்கும் உணவாக அவற்றைக் கொன்றார்கள். முன்கூட்டியே போட்ட கணக்கு அது. கேட்க நெஞ்சு பதறுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அப்படியானால் கிரீன்லாந்து நாய்க்குக் குளிரே கிடையாதா? அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 8ந் தேதி, வெயில் காலம் பிறக்கும் முன்பே அமுண்ட்சென் அவசரப்பட்டுப் புறப்பட்டார். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 56 டிகிரி செண்டிகிரேட் வரை போயிற்று. நாய்களின் பாதங்கள் புண்ணாயின. சில நாய்கள் செத்தே போயின. பயணத்தைக் கைவிட்டு அவர் திரும்ப வேண்டியதாயிற்று.

பாதத்தில் ஒரு ரகசியம்

பனியிலே வெறும் காலோடு நாய் எப்படி நிற்கிறது? அதன் பாதத்தில் ரோமம் இல்லையே!

2011ஆம் ஆண்டு ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதற்கு விடை சொன்னார்கள். நாயின் பாதத்தில், சூடான இரத்தத்தைக் கீழே கொண்டு போகும் குழாயும், குளிர்ந்த இரத்தத்தை மேலே கொண்டு வரும் குழாய்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. கீழே போகிற சூடு, மேலே வருகிற குளிர்ந்த இரத்தத்துக்கு ஏறி விடுகிறது. ஆகையால் குளிர்ந்த இரத்தம் அப்படியே நெஞ்சுக்குப் போவது இல்லை.

இயற்கை எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறது! ஆனால் இயற்கை மூடாமல் விட்ட இடங்களும் உண்டு. அதற்கு அலாஸ்காவில் நடந்த ஒரு கதையே சாட்சி.

மறந்துபோன முயல் தோல்

அமெரிக்காவின் வடகோடியில் இருப்பது அலாஸ்கா. அங்கே கடலோரத்தில் நோம் என்று ஒரு சிற்றூர். 1925ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

நோய்க்கு மருந்து உண்டு. ஆனால் ஊரில் நல்ல மருந்து கையிருப்பு இல்லை. கடல் உறைந்து கிடந்தது. கப்பல் வராது. ரெயில் பாதை நெனானா என்ற ஊரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து நோம் 674 மைல்!

ஒரே வழிதான் இருந்தது. நாய்கள் இழுக்கிற சறுக்கு வண்டி!

20 வண்டிக்காரர்கள் முன்வந்தார்கள். சுமார் 150 நாய்கள். ஒருவர் ஓட்டிக் கொண்டு போய் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதற்கு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். இரவு பகல் பாராமல் மருந்து ஓடியது.

அந்த வண்டிக்காரர்களில் ஒருவர் சார்லி எவன்ஸ். ஜனவரி 30ந் தேதி விடியற்காலை அவர் கைக்கு மருந்து வந்தது. அப்போது குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி செண்டிகிரேடுக்கும் அதிகம்!

அவர் வண்டியில் முன்னால் ஓடிய இரண்டு நாய்களும் கலப்பு நாய்கள். கட்டை ரோமம். இப்படிப்பட்ட நாய்களுக்குத் தொடை இடுக்கில் முயல் தோலைக் கட்டுவது அந்த ஊர் வழக்கம். அங்கே ரோமம் குறைவு. முதலில் உறைந்து போவது அந்த இடம்தான்.

அன்று அவசரம். முயல் தோலைக் கட்ட மறந்து விட்டார்.

வழியிலே ஆற்றுப் பனி உடைந்து நீர் மேலே பொங்கி இருந்தது. எங்கும் பனி மூட்டம். முன்னால் ஓடிய நாய்களை நம்பித்தான் வண்டி போயிற்று. ஓடின... ஓடின... கடைசியில் இரண்டு நாய்களும் விழுந்து விட்டன!

சார்லி எவன்ஸ் என்ன செய்தார்? நாய்கள் இழுத்த இடத்தில் தானே நின்றார். மற்ற நாய்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தார். அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தபோது அந்த இரண்டு நாய்களுக்கும் உயிர் இல்லை.

மருந்து போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது. பிப்ரவரி 2ந் தேதி நோம் நகரத்தை அடைந்தது. ஐந்தரை நாளுக்குள் 674 மைல்! கடைசிக் கட்டத்தில் வண்டி இழுத்த பால்டோ என்ற நாய்க்கு அதே ஆண்டு நியூயார்க் நகரத்தில் சிலை வைத்தார்கள். கட்டை ரோமம் உள்ள அந்த இரண்டு நாய்களையும் உலகம் அவ்வளவாக நினைப்பது இல்லை.

ஒரு துண்டு முயல் தோல்! அது சட்டைகூட அல்ல. ஆனால் உயிருக்கும் சாவுக்கும் நடுவிலே நின்றது அதுதான்.

அலாஸ்காவில் 1973ஆம் ஆண்டு முதல் நோம் வரைக்கும் ஒரு பெரிய நாய் வண்டிப் பந்தயம் நடக்கிறது. அதில் ஒவ்வொரு நாயின் பாதத்துக்கும் துணி உறை கொண்டு போயே தீர வேண்டும். கடுங்குளிரில் நாய்க்கு மேல் சட்டையும் வயிற்றுத் துணியும் கட்டுகிறார்கள். இளைப்பாறும் இடத்திலே வைக்கோல் பரப்பிப் படுக்க வைக்கிறார்கள். பனி நாட்டு நாய்க்கே இவ்வளவு கவனிப்பு!

குளிரைவிடப் பெரிய பகை

"இதெல்லாம் பனி நாட்டுக் கதை. இங்கே ஏது பனி?" என்று கேட்கலாம்.

இங்கே மழை இருக்கிறது! ஐப்பசி, கார்த்திகை அடைமழை இருக்கிறது.

காய்ந்த குளிரைவிட ஈரக் குளிர் பொல்லாதது. காரணம் என்ன? ரோமத்துக்குள் காற்று இருக்கிற வரையில்தான் கதகதப்பு. நனைந்தால் காற்று போய்விடும். அந்த இடத்தில் நீர் வந்துவிடும். நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு காற்றும் வீசினால் கேட்க வேண்டியதில்லை. ஈரத் துணியோடு வாசலில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

ஆகவே நாய் உடனே என்ன செய்கிறது? உடம்பை உதறுகிறது! வீட்டில் எல்லார் மேலும் தெளித்துவிட்டுத் திட்டு வாங்குகிறது. ஆனால் அது விளையாட்டு அல்ல. 2012ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைப் படம் பிடித்துக் கணக்கிட்டார்கள். ரோமத்தில் ஏறிய நீரில் சுமார் 70 சதவிகிதத்தை நாய் 4 விநாடியில் உதறி விடுகிறது! துவைக்கிற மெஷின் துணியைச் சுழற்றிப் பிழிவது போன்ற வேலை.

தண்ணீரிலே வேலை செய்வதற்கென்றே வளர்ந்த நாய்களும் உண்டு. லாப்ரடார் நாயின் பூர்வீகம் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்களுக்கு உதவிய நாய்களின் வம்சம் அது. அதன் ரோமம் கட்டையானது, ஆனால் நெருக்கமானது, எண்ணெய்ப் பசை உள்ளது. நீர் சுலபத்தில் தோல் வரை போகாது.

பூடில் நாய் இன்னும் வேடிக்கை. அங்கங்கே ரோமத்தைச் சிரைத்து, அங்கங்கே பந்து பந்தாக விட்டிருப்பார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அது முதலில் அலங்காரத்துக்கு வந்தது இல்லை என்று சொல்வார்கள். பூடில், தண்ணீரில் விழுந்த வாத்தைக் கவ்வி வரும் வேட்டை நாய். நீந்துவதற்கு இடைஞ்சல் இல்லாமல் ரோமத்தை வெட்டினார்கள். நெஞ்சுக்கும் மூட்டுக்கும் குளிராமல் அங்கே மட்டும் விட்டு வைத்தார்கள். ரோமத்திலேயே தைத்த சட்டை!

எந்த நாய்க்கு வேண்டும்?

சின்னச் செம்பில் வைத்த வெந்நீர் சீக்கிரம் ஆறிப் போகும். அண்டா வெந்நீர் ஆற நேரம் பிடிக்கும். நாயும் அப்படித்தான். சிறிய நாய் சீக்கிரம் குளிர்ந்து போகும்.

குளிர் காலத்தில் சட்டை தேவைப்படும் நாய்கள் இவை:

சிவாவா போன்ற குட்டி ஜாதி நாய்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான, கட்டை ரோம நாய்கள். இவற்றுக்கு மலைப் பிரதேசத்தில்தான் தேவை.

கிழட்டு நாய்கள். மூட்டு வலி உள்ள நாய்களுக்குக் குளிரில் வலி கூடும்.

நோயாளி நாய்கள். ஆபரேஷனுக்காக ரோமம் சிரைத்த நாய்கள். சொறி வந்து ரோமம் கொட்டிய நாய்கள்.

வெளியே போகத் தொடங்கிய இளம் குட்டிகள்.

எவ்வளவு குளிருக்கு? மிருக வைத்தியர்கள் பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். 7 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே போனால் இந்த நாய்கள் கஷ்டப்படத் தொடங்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் இவற்றை வெகு நேரம் வெளியே விடக் கூடாது.

இனி, சட்டை வேண்டாத நாய்கள். அடர்ந்த ரோமம் உள்ள சைபீரிய ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் போன்றவை. இவற்றுக்குச் சட்டை போட்டால் உப்பி நிற்கிற ரோமம் அமுங்கும். காற்று போய்விடும். சென்னை போன்ற ஊரில் இந்த நாய்களுக்குக் கம்பளி மாட்டினால், குளிருக்குப் பதில் சூட்டால்தான் ஆபத்து வரும். நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்தால் உடனே கழற்றி விட வேண்டும்.

சட்டை எப்படி இருக்க வேண்டும்?

மழைக்குச் சட்டை போடுவதானால் மேல் பக்கம் நீர் ஏறாத துணியாக இருக்க வேண்டும். முதுகை மட்டும் மூடினால் போதாது. நெஞ்சையும் வயிற்றையும் மூட வேண்டும். சார்லி எவன்ஸின் நாய்களுக்குக் குளிர் ஏறியது ரோமம் குறைந்த கீழ்ப் பக்கத்தில்தான்!

கழுத்திலும் அக்குளிலும் இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்ச்சி வேண்டும். இறுக்கினால் தோல் உராய்ந்து புண்ணாகும். காது, வால், பின்னங்கால் மூன்றும் வெளியே இருக்க வேண்டும். பொத்தானும் மணியும் வேண்டாம். நாய் கடித்து விழுங்கி விடும்.

நனைந்த சட்டையை நாய் மேல் விடவே கூடாது. ஈரச் சட்டையைவிடச் சட்டை இல்லாமல் இருப்பதே மேல்! வீட்டுக்கு வந்ததும் கழற்ற வேண்டும். துண்டால் துடைக்க வேண்டும். பாதம், விரல் இடுக்கு, வயிறு, அக்குள், காது மடல் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும்.

மழைச் சட்டை போட்டாகி விட்டது என்று தேங்கிய நீரில் நாயை இறக்கக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக் காய்ச்சல் வரும். அது நாய்க்கும் வரும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். அதற்குச் சட்டை காவல் அல்ல. தடுப்பு ஊசிதான் காவல்.

காசில்லாத வைத்தியம்

சட்டை வாங்க எல்லாராலும் முடியுமா? முடியாது. முடியாவிட்டாலும் பரவாயில்லை. நாய்க்குச் சட்டையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நனையாமல் படுக்க ஓர் இடம்!

சிமெண்டுத் தரை மழைக் காலத்தில் சில்லிட்டுக் கிடக்கும். வயிற்றுச் சூட்டை அது உறிஞ்சும். தரைக்கு மேலே ஒரு பலகையைப் போடலாம். இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் போட்டால் இன்னும் நல்லது. பலகை மேலே காய்ந்த வைக்கோல் அல்லது காய்ந்த சாக்கு. மழை பெய்கிற பக்கம் பார்த்து ஒரு தடுப்பு. இவ்வளவுதான்! அலாஸ்காவில் பந்தய நாய்க்குப் போடுவதும் வைக்கோல்தானே?

சாக்கைத் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமானால் மாற்ற வேண்டும்.

குளிரில் நாய்க்குப் பசி கூடும். உள்ளே எரிகிற அடுப்புக்கு விறகு வேண்டும் அல்லவா? வெளியே கிடக்கிற நாய்க்குக் கொஞ்சம் கூடவே சோறு போட வேண்டும்.

பிறந்த குட்டிகளிடம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிறந்த முதல் சில நாள் குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. தன் சூட்டைத் தானே காப்பாற்றவும் முடியாது. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கொண்டுதான் அது பிழைக்கிறது. மழையில் நனைந்த குட்டி சத்தம் போடாமலே செத்துப் போகும். தெருவிலே அடைமழைக்குப் பின் காலையில் கிடக்கிற குட்டிகள் பல அப்படிப் போனவைதான்.

அபாய அறிகுறி

நாய் நடுங்கினால் குளிருகிறது என்று அர்த்தம். முதுகை வளைத்து, வாலை இடுக்கி, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினாலும் அதே அர்த்தம்தான்.

நடுங்கிக் கொண்டிருந்த நாய் நடுக்கத்தை நிறுத்தி விட்டுச் சோர்ந்து விழுந்தால்? "சரியாகி விட்டது" என்று நினைக்கக் கூடாது. அதுதான் பெரிய ஆபத்து! நடுங்கவும் உடம்பில் தெம்பு இல்லை என்று அர்த்தம். நாயின் சூடு 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினாலே அது நோய்தான்.

உடனே உள்ளே கொண்டு வர வேண்டும். ஈரத்தைத் துடைத்து, காய்ந்த போர்வையால் சுற்ற வேண்டும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி, பக்கத்தில் வைக்கலாம். வெந்நீரில் முக்கக் கூடாது. நெருப்புக்கு மிக அருகில் வைக்கக் கூடாது. குளிருக்கு நல்லது என்று பிராந்தி ஊற்றுகிறவர்கள் உண்டு. அது நாய்க்கு விஷம்! மிருக ஆஸ்பத்திரிக்குத் தாமதம் இல்லாமல் தூக்கிக் கொண்டு போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் மிருகவதைத் தடுப்புச் சட்டம் கொண்டு வந்தது. தான் வளர்க்கும் மிருகத்துக்குப் போதிய உணவு, நீர், ஒதுங்க இடம் கொடுக்காமல் இருப்பது அந்தச் சட்டப்படி குற்றம். சட்டை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நாயைக் கட்டிப் போட்டு மழையில் விடுவதைச் சட்டம் ஒப்புக் கொள்ளாது.

கட்டாத நாய் மழை வந்தால் திண்ணைக்கு ஓடும். கடை ஓரம் ஓடும். வண்டிக்கு அடியில் ஓடும். கட்டிய நாய் எங்கே ஓடும்?

தெரு நாய்க்குச் சட்டை போடுகிற நல்ல மனதுக்காரர்களும் இருக்கிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் அந்தச் சட்டை நனைந்தால் கழற்ற யார் வருவார்கள்? முள்ளில் மாட்டினால் எடுத்து விட யார் இருக்கிறார்கள்? தெரு நாய்க்குத் திண்ணை ஓரத்தில் ஒரு காய்ந்த சாக்கு போட்டால் அது பெரிய உபகாரம். மழைக் காலக் காலையில் காரைக் கிளப்பும் முன் அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்தால் அது இன்னொரு உபகாரம்.

வீட்டுக் காவலுக்கு நாய் வளர்க்கிறவர்கள் பலர். ராத்திரி இடி இடித்து மழை கொட்டுகிறபோது வீட்டார் ஜன்னலைச் சாத்திப் போர்த்திக் கொண்டு படுக்கிறார்கள். அது வாசலில் விழித்துக் கொண்டிருக்கிறது.

ஐப்பசி பிறக்கும் முன்பே அது படுக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கூரை ஒழுகினால் அடைக்க வேண்டும். சாரல் அடித்தால் தட்டி கட்ட வேண்டும். அதன் முதுகில் கையை வைத்து ரோமத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். அடியில் பஞ்சு போன்ற ரோமம் இருந்தால் சட்டைக் காசு மிச்சம். கையில் நேராகத் தோலும் எலும்பும் தட்டுப்பட்டால், மலை ஊராக இருந்தால், பழைய கம்பளி ஒன்றை எடுத்துத் தைத்துவிட வேண்டியதுதான்!